திண்ணைத் தோழர்களும் நம் தெருவும்

 



திண்ணைத் தோழர்களைப் பற்றி அறியாதவர் நம்மில் இருக்க மாட்டார். கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஅபாவை நோக்கி மாற்றப்பட்ட பிறகு, மஸ்ஜிதுந் நபவியின் வடபகுதி பின்புறமாகிவிட்டது. பேரீச்ச மட்டையால் கூரை வேய்ந்த அந்த இடமே ஸுஃப்பா எனப் பெயர் பெற்றது. வீடில்லாதவர்கள், குடும்பமில்லாதவர்கள், ஹிஜ்ரத் செய்து வந்து ஒதுங்க இடமின்றி நின்றவர்கள் அங்கே தங்கினார்கள். ஹதீஸ்களை மிக அதிகமாக அறிவித்த அபூஹுரைரா (ரழி) அவர்களும் அத்திண்ணையில் பசியோடு படுத்திருந்தவர்களுள் ஒருவர்தாம். இதையெல்லாம் மீலாது மேடைகளில் கண்ணீர் மல்கக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டதில்லை. அந்தத் திண்ணை ஏன் அங்கே இருந்தது?

மதீனாவில் இடத்திற்குப் பஞ்சமில்லை. ஊருக்குத் தெற்கே குபா இருந்தது. மேட்டுப் பகுதியான அவாலியில் தோட்டங்கள் இருந்தன. ஊரைச் சுற்றிலும் பொட்டல் வெளி இருந்தது. வீடற்ற ஏழைகளுக்கு அங்கெல்லாம் ஒரு கூடாரம் அடித்துக் கொடுத்து, வேளாவேளைக்கு உணவு அனுப்பியிருக்கலாம். நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஊரின் நடுவே, தொழுகையும் தீர்ப்பும் கல்வியும் நடக்கும் இடத்திலேயே, தம் மனைவியரின் அறைகளுக்கு அருகிலேயே அவர்களைத் தங்கவைத்தார்கள். ஆகவே அந்த ஏழைகளுக்கு அண்டைவீட்டார் யார் என்றால், அல்லாஹ்வின் தூதர்தாம்.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தி புகாரியில் உள்ளது. அடிமையாயிருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பினப் பெண் ஒருவர், தம்மீது சுமத்தப்பட்ட திருட்டுப் பழி நீங்கியபின், தாம் இருந்த கூட்டத்தாரை விட்டு மதீனா வந்து இஸ்லாத்தை ஏற்றார். அவருக்குச் சொந்தமோ பந்தமோ இல்லை. பள்ளிவாசலுக்குள்ளேயே அவருக்கு ஒரு சிறு கூடாரம் இருந்தது. அவர் அன்னையாரிடம் வந்து அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார். திருட்டுப் பழி சுமந்த, ஆதரவற்ற, வெளியூர்ப் பெண். இன்று இத்தகைய ஒருவர் நம் முஹல்லாவில் வந்து இறங்கினால் எத்தனை பேச்சு எழும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விட்டுவிடுகிறேன். திருமணமாகாத இளைஞராக இருந்தபோது அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்களும் பள்ளியில் உறங்கியிருக்கிறார்கள்.

சகோதரர்களே! இதைச் சொன்னவுடன், "அது நபியின் காலம், ஸஹாபாக்கள் எங்கே, இன்று நடைபாதையில் கிடப்பவர்கள் எங்கே?" என்பார்கள். ஸுஃப்பாவால் அக்கம்பக்கத்தாருக்குச் சங்கடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர்கள் கூடும் இடத்தில் சங்கடங்கள் வரும், அப்பள்ளியிலும் வந்தன. அவை கையாளப்பட்ட விதத்தில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

ஒரு கிராமத்து அரபி பள்ளிவாசலின் ஒரு மூலையில் நின்று சிறுநீர் கழித்தார். தோழர்கள் கொதித்தெழுந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுத்து, அவர் முடிக்கும்வரை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். பின்னர் அவரை அழைத்து, பள்ளிவாசலின் ஒழுக்கத்தை இதமாக விளக்கினார்கள். அசுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கூறவில்லை. தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். அதே வேளையில் ஆளையும் விரட்டவில்லை.

இன்னொன்று, நாம் ஒவ்வொரு வெள்ளியன்றும் அனுபவிப்பது. இந்த ஜும்ஆவுக்கு நாம் குளித்து வருகிறோமே, அதன் பின்னணி என்ன? அன்றைய தோழர்கள் உழைப்பாளிகள். கம்பளி உடுத்தி முதுகில் சுமை சுமந்தவர்கள். பள்ளியோ சிறியது, கூரையோ தாழ்வானது. வெயில் நாளில் வியர்வை வாடை ஒருவருக்கொருவர் தொல்லையானது. அப்போது நபி (ஸல்) அவர்கள், "உழைப்பாளிகள் தனிப் பள்ளி கட்டிக்கொள்ளட்டும்" என்னும் பொருளில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குளித்து, இயன்ற நறுமணம் பூசி வருமாறு பணித்தார்கள். வாடை பற்றிய முறையீட்டுக்குத் தீர்வு தண்ணீராக இருந்தது, தூரமாக இருக்கவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் நாள் இரவு வீடற்றோர் தனியாக எண்ணப்பட்டார்கள். இந்தியா முழுவதும் சுமார் 17 இலட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 9 இலட்சத்து 38 ஆயிரம் பேர் நகரங்களில் இருந்தவர்கள். ஓரிரவில் தெருத்தெருவாகத் தேடி எண்ணிய கணக்கு இது. மறைவான இடங்களில் ஒதுங்கியிருந்தவர்கள் இதில் விடுபட்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களைச் சோம்பேறிகள், பிச்சைக்காரர்கள் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். சென்னை வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இரவு பதினோரு மணிக்கு மேல் ஒருமுறை நடந்து பாருங்கள். மீன்பாடி வண்டி மிதிப்பவர், மூட்டை தூக்குபவர், பூக்கட்டி விற்பவர், கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவப் போகிறவர், காகிதம் பொறுக்குபவர் என்று அங்கே உறங்குபவர்களில் பலரும் பகலெல்லாம் உழைத்தவர்கள். தலைமுறை தலைமுறையாக அதே நடைபாதையில் வாழும் குடும்பங்களும் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் தாய்மார்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஏன் அங்கேயே கிடக்கிறார்கள்? வேலை அங்கே இருக்கிறது. 1985ஆம் ஆண்டில் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்றும், பிழைப்புக்கு அருகில் இருக்க வேண்டிய கட்டாயத்தாலேயே இம்மக்கள் நடைபாதையில் வாழ்கிறார்கள் என்றும் அத்தீர்ப்பு கூறியது. (அப்படிக் கூறிய பிறகும், உரிய அறிவிப்புக்குப்பின் அவர்களை அகற்றலாம் என்றே தீர்ப்பு முடிந்தது. அது வேறு வருத்தம்.) அதிகாலை இரண்டு மணிக்குக் கோயம்பேடு சந்தையில் லாரியிலிருந்து காய்கறி இறக்க வேண்டியவரை, பேருந்து ஓடாத நேரத்தில் இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து எப்படி வரச்சொல்வது? காப்பகத்தை ஊர்க்கோடியில் கட்டுவார்கள். அது காலியாகக் கிடக்கும். "கட்டிக்கொடுத்தும் வரவில்லை, இவர்களுக்குத் தெருவே சுகம்" என்று சொல்லிப் பூட்டிவிடுவார்கள்.

2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் கதையும் இத்தகையதே. கூரை கிடைத்தது. வீட்டுவேலை செய்த தெருவும், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடமும், கடன் கொடுத்த கடைக்காரரும் பின்தங்கிப்போனார்கள்.

2009 டிசம்பரில், கடும் குளிரில், டெல்லி பூசா சாலையில் இருந்த தற்காலிக இரவுக் கூடாரம் ஒன்றை மாநகராட்சி அகற்றியது. அதன்பின் ஏற்பட்ட மரணங்கள் நீதிமன்றங்களை எட்டின. 2010இல் உச்ச நீதிமன்றம், நகரங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம், ஆண்டு முழுவதும், இரவும் பகலும் இயங்குமாறு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிகள், காப்பகங்கள் வீடற்றோர் திரண்டிருக்கும் இடங்களுக்கும் அவர்களின் வேலைத்தலங்களுக்கும் இயன்றவரை அருகில், அதாவது இரயில் நிலையம், பேருந்து நிலையம், மொத்தச் சந்தை போன்றவற்றின் பக்கத்தில் அமைய வேண்டும் என்றன. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி, கழிவறை, குடிநீர், சமையலிடம் எல்லாம் அதில் உண்டு.

இதில் புதுமை ஒன்றுமில்லை. நம் முன்னோர் சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு எதிரே சித்தீக் சராயை நிறுவினார்கள். அதே நிலையத்துக்கு எதிரே சகோதர சமுதாயத்தாருக்கு இராமசாமி முதலியார் சத்திரம். வழிப்போக்கர் எங்கே இறங்குகிறாரோ அங்கேதானே முஸாபர்கானா இருக்க வேண்டும்?

சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களின் துணையோடு பல காப்பகங்களை நடத்திவருகிறது. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் தங்கவும் காப்பகங்கள் உள்ளன. சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, பணமும் ஓரளவு வருகிறது. தடைபடுவது பெரும்பாலும் எங்கே தெரியுமா? இடத்தில். எந்தத் தெருவைச் சொன்னாலும் அந்தத் தெரு எழுந்து நிற்கிறது.

சில வாரங்களுக்கு முன் என் கையிலும் ஒரு மனு தரப்பட்டது. நம் பகுதியில் மூடிக்கிடக்கும் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை இரவுக் காப்பகமாக்கப் போகிறார்களாம். அதை எதிர்த்து ஜும்ஆவுக்குப் பின் கையெழுத்துத் திரட்ட வேண்டுமாம். மனுவைக் கொண்டுவந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஐந்து வேளை முன்வரிசையில் நிற்பவர்கள்; ரமளானில் தாராளமாக அள்ளிக்கொடுப்பவர்கள். ஆகவே அவர்களின் அச்சத்தை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. அண்டைவீட்டாரின் அச்சத்துக்கும் மார்க்கத்தில் மதிப்புண்டு. தானும் தீங்குறக் கூடாது, பிறருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

மனுவின் முதற்காரணம்: குடிகாரர்கள் வருவார்கள், பெண்பிள்ளைகள் நடமாட முடியாது. சகோதரர்களே, நம் முஹல்லாவின் முனையில் இரவில் படுத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காப்பகம் வந்தால் அவர்கள் ஒரு கதவுக்குள், ஒரு பொறுப்பாளரின் கண்முன், பெயர் எழுதிய பதிவேட்டுக்குள் வருவார்கள். வராவிட்டால், இருட்டில், பெயரின்றி, அதே முனையில் இருப்பார்கள். எது பாதுகாப்பு? ஆனால் ஒன்று. ஆண்களுக்கான காப்பகத்தின் வாசல் மதரஸாப் பெண்பிள்ளைகள் போகும் சந்தில் திறக்கக் கூடாது என்று கேட்பதில் முழு நியாயம் உண்டு. வாசலைப் பெருந்தெருப் பக்கம் வையுங்கள் என்று கேட்போம். அல்லது இதைப் பெண்களும் குழந்தைகளும் தங்கும் காப்பகமாக்குங்கள் என்று கேட்போம். தெருவில் உறங்கும் பெண்ணின் இரவு எத்தகையது என்று நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், அவர்களே இதற்குக் கையெழுத்திடுவார்கள்.

இரண்டாவது காரணம் அசுத்தம். இதற்கு விடை முன்பே சொல்லிவிட்டேன். மனிதனுக்குக் கழிவறை இல்லாவிட்டால் சுவர்தான் கழிவறை. போதிய கழிவறை, தண்ணீர், நாள்தோறும் குப்பை அகற்றல், தெருவிளக்கு ஆகியவை இல்லாமல் காப்பகத்தைத் திறக்கக் கூடாது என்று மாநகராட்சியிடம் எழுத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு. சொல்லப்போனால், அந்த வாய்ப்பில் நம் தெருவின் எரியாத விளக்குகளும் எரியும்.

மூன்றாவதாக, வீட்டுமனை விலை குறையும் என்கிறார்கள். இது மனுவில் கடைசி வரியாக இருக்கிறது. பலர் மனத்தில் இதுவே முதல் வரி என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு என்னிடம் கணக்கு ஒன்றுமில்லை. அல்மாஊன் அத்தியாயத்தை நாம் சிறு ஸூறா என்று விரைந்து ஓதிவிடுகிறோம். வீட்டுக்குப் போய் அதன் பொருளை ஒருமுறை படியுங்கள். அநாதையை விரட்டுபவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் சொல்லிவிட்டு, அடுத்து அது யாரைக் கண்டிக்கிறது என்று பாருங்கள். தொழுகையாளிகளைத்தான்.

மனுவில் எழுதப்படாத ஒரு நியாயத்தையும் நானே சொல்கிறேன். "எல்லாவற்றையும் எங்கள் தலையிலேயே கட்டுகிறார்களே" என்று ஏழைப் பகுதிகளில் முணுமுணுப்பு உண்டு. குப்பைமேடும் எங்களுக்கு, சாக்கடை நீரேற்றும் நிலையமும் எங்களுக்கு, காப்பகமும் எங்களுக்கா? வசதி படைத்த நகர்ப்பகுதிகள் கைகழுவிக்கொள்ள, நெரிசலான வடசென்னைத் தெருக்களே எல்லாப் பாரத்தையும் சுமப்பது நீதியன்று. ஒரே இடத்தில் முந்நூறு பேரை அடைப்பதைவிட, ஐம்பது ஐம்பது பேராகப் பல பகுதிகளில் சிறு காப்பகங்கள் அமைப்பது தங்குபவருக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது. இதை உரத்துக் கேட்கலாம். ஆனால் நம் பங்கான ஐம்பது பேரை ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால்தான் அந்தக் குரலுக்கு மதிப்பு.

கண்ணுக்கெட்டாத தூரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை நம் சமுதாயம் பிறரிடம் கேட்டு அறிய வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு கீற்றுக்கொட்டகைக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் குடும்பத்தார்தாம். பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் நாள்தோறும் எட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சங்கிலி அத்தனை காலம் கிடந்திருக்குமா?

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் தமிழ்நாட்டிலேயே நடந்துவருகிறது. தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களைப் பராமரிக்க 1993இல் சென்னையில் தொடங்கப்பட்டது 'பேனியன்' என்னும் தொண்டு நிறுவனம். நீண்ட காலம் விடுதியில் இருந்து, திரும்பிச் செல்ல வீடு இல்லாதவர்களுக்காக 2015 முதல் அவர்கள் ஒரு முறையைக் கையாள்கிறார்கள். சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பேராகக் குடும்பம்போல வாழவைக்கிறார்கள். உதவிக்கு ஓர் ஆள் உடன் இருப்பார். கடைக்குப் போவது, சமைப்பது, அண்டை அயலாரோடு பேசுவது, இவையே அங்கே மருந்தின் ஒரு பகுதி. வீடு கொடுக்க முன்வந்த உரிமையாளர்களும், வாசலில் நின்று பேசிய அண்டைவீட்டாரும் இல்லாவிட்டால் இது நடந்திராது.

அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் யார் யாருக்கு நன்மை செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள் ஆகியோருக்குப் பின் உறவான அண்டைவீட்டாரையும் உறவல்லாத அண்டைவீட்டாரையும் அது தனித்தனியே குறிப்பிடுகிறது, வழிப்போக்கரையும் விடவில்லை. காப்பகத்தில் தங்குபவர் இந்தப் பட்டியலில் ஏழையாகவும் வருகிறார், வழிப்போக்கராகவும் வருகிறார். நம் தெருவுக்கு வந்த நாள் முதல் அண்டைவீட்டாராகவும் வருகிறார். அவர் முஸ்லிமா இல்லையா என்ற கேள்வி இங்கே எழாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்தபோது யாரும் அதைக் கேட்கவில்லை.

ஆகவே அந்த மனுவுக்குப் பதிலாக வேறொரு கடிதம் ஆயத்தமாகியிருக்கிறது. காப்பகத்தை வரவேற்கிறோம் என்று அதன் முதல் வரி சொல்கிறது. பிறகு நம் கோரிக்கைகள்: வாசல் பெருந்தெருவில் அமைய வேண்டும், ஐம்பது பேருக்கு மேல் வேண்டாம், இரவுக் காவலரும் பெண் பொறுப்பாளரும் வேண்டும், குறை சொல்ல ஒரு தொலைபேசி எண்ணைக் கதவில் எழுத வேண்டும், நிர்வாகக் குழுவில் இந்தத் தெருவாசிகள் இருவரும், தங்குபவர்களுள் இருவரும் இருக்க வேண்டும். தங்குபவர்கள் ஏன் என்று முத்தவல்லி அவர்களே கேட்டார்கள். அது அவர்கள் வீடு என்பதால்தான்.

நம் பங்கு என்ன என்பதையும் எழுதியிருக்கிறோம். குடும்ப அட்டை, ஆதார், முதியோர் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக்கொடுக்க நம் இளைஞர்கள் வாரம் ஒருமுறை செல்வார்கள். கட்டடம் பழுதுபார்க்கும் நாள்களில் பள்ளியின் கழிவறைகள் இரவிலும் திறந்திருக்கும். (மோதினார் அவர்களுக்கு இதனால் கூடும் வேலைக்குச் சம்பளமும் கூட வேண்டும், அதை ஜமாஅத் மறந்துவிடக் கூடாது.) ஜகாத்தை இதற்குத் தரலாமா என்று சிலர் கேட்டார்கள். கட்டடச் செலவுக்கு ஜகாத் வேண்டாம். அதற்கு உரியவர்கள் வேறு. ஸதகாவிலிருந்து கொடுங்கள், அதற்கு மதமும் இல்லை, உச்சவரம்பும் இல்லை.

கடிதம் வெளித்திண்ணை மேசையில் இருக்கிறது. பழைய மனுவும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நான் ஒளித்துவைக்கவில்லை. தொழுகை முடிந்ததும் இரண்டையும் படித்துப் பாருங்கள். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் இன்று இஷாவுக்குப் பின் நிர்வாக அறைக்கு வாருங்கள், அமர்ந்து பேசுவோம்.